நீதிமன்றத் தாழ்வாரத்தில் எடுத்த படம்

எனக்குப் பதினைந்து வயதில், அம்மாவை அடித்துக்கொண்டிருந்த மாற்றாந்தந்தையின் கையைச் சமையல் கத்தியால் வெட்டிவிட்டேன். சிறுவர் நீதிமன்றத்தில் கதவைச் சாத்திக்கொண்டுதான் விசாரித்தார்கள். நன்னடத்தைப் பிணையில் விட்டார்கள்.

"பேரு, படம் எதையும் வெளிய போடக்கூடாதுன்னு சட்டம் இருக்கும்மா. பயப்படாதீங்க," என்று நன்னடத்தை அதிகாரி அம்மாவிடம் சொன்னார்.

ஆனால் போலீஸ்காரப் பெண்ணோடு நான் தாழ்வாரத்தில் நின்றதை யாரோ கைப்பேசியில் படம் எடுத்திருந்தார்கள். சாயங்காலத்துக்குள் அது எங்கள் ஊரான சுங்கை லாலாங்கில், தோட்டக் குடியிருப்பின் வாட்சப் குழுக்களில் சுற்றியது.

எட்டு வருடம் கழித்து ஒரு பாலர் பள்ளியில் வேலைக்குச் சேர்ந்தேன். மூன்றாவது வாரம், பள்ளியை நடத்தும் அக்கா என்னை அறைக்குக் கூப்பிட்டுக் கைப்பேசியை நீட்டினார். அதே படம்.

"இது நீதானா?"

"ஆமாக்கா. ஆனா கேஸ் முடிஞ்சிருச்சி. எம்மேல ரெக்கார்ட் எதுவும் இல்லக்கா."

"நீ பிள்ளைங்கள நல்லாத்தான் பாத்துக்கிற லா. பேரண்ட்ஸ் குரூப்ல போட்டுட்டாங்களே, நான் என்னா செய்ய?"

மறுநாள் நீதிமன்றத்துக்குப் போய், அக்காவிடம் காட்ட, என்ன நடந்தது என்பதை எழுதி ஒரு கடிதம் தர முடியுமா என்று கேட்டேன். சிறுவர் வழக்குக் கோப்பை அப்படித் திறக்க முடியாது, அது உன் பாதுகாப்புக்குத்தான் என்று குமாஸ்தா பொறுமையாகவே சொன்னார். அவர் மேல் கோபப்படக்கூட முடியவில்லை.

பள்ளி வேலை போய், இப்போது ஒரு கையுறைத் தொழிற்சாலையில் இருக்கிறேன். யாராவது கைப்பேசியைப் பார்த்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தால், முகத்தைத் திருப்பிக்கொண்டு கையுறைகளை எண்ணத் தொடங்கிவிடுகிறேன்.