பச்சைக் குறிக்குப் பிறகு சேர்த்த மூன்று வரிகள்

ஒரு காலத்தில் எந்த அலுவலகத்தில் பிரிண்டர் மக்கர் செய்தாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். பெயர்கூடத் தேவையில்லை, பிரிண்டர்காரர் என்றால் போதும், வாட்ச்மேன் கேட்டைத் திறந்துவிடுவார். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவர். யாரிடமும் கைகட்டி நின்று கற்றவரில்லை. பழைய இயந்திரங்களைப் பிரித்துப்போட்டு, திரும்ப மாட்டத் தெரியாமல் திட்டு வாங்கி, அப்படியே ஆளானவர். நாலு தெரு தள்ளிக் கடை போட்டதும் தன் உழைப்பில், வீட்டுக்கு மாடி எழுப்பியதும் தன் உழைப்பில். இதை அவர் சொல்லிக் கேட்காதவர் அந்தப் பகுதியில் கிடையாது.

காலப்போக்கில் அலுவலகங்கள் காகிதத்தை விட்டுவிட்டன. ஷட்டர் இறங்கியது. வேறு ஒருவராக இருந்தால் துண்டை விரித்துப் படுத்திருப்பார். நம்மவர் அப்படிப்பட்ட ஆளா? ஐம்பது கடந்த வயதில் வீடியோ பார்த்தே கணினி நிரல் எழுதக் கற்றுக்கொண்டார். ஃபிரிட்ஜுக்கும் ஜன்னலுக்கும் நடுவே ஒரு மடக்கு மேசை, அதன்மேல் யாரோ கழித்துவிட்ட மடிக்கணினி. பாட்டரி போய்விட்டதால் வயரைப் பிடுங்கினால் உயிர் போய்விடும். மனைவி மருந்துக்கடையில் பில் போடக் கிளம்பிப் போனதும் உட்கார்ந்தால், அவர் திரும்பி வரும்வரை எழுந்திருக்க மாட்டார்.

கேட்ட கேள்விக்கு மனிதனைப் போலவே பதில் எழுதும் மொழி மாதிரிகளை வைத்துக் கம்பெனிகள் இப்போது தங்களுக்கென்று செயலிகள் கட்டிக்கொள்கின்றன. அந்தக் கட்டுமானத்துக்குச் சாரம், பலகை, குழாய் எல்லாவற்றையும் தயாராக வைத்திருக்கும் ஃபிரேம்வொர்க் ஒன்று உண்டு. இலவசம். அதன் நிரலை உலகத்தில் யாரும் திறந்து பார்க்கலாம், கோளாறு கண்டால் திருத்தி அனுப்பலாம். சேர்ப்பதும் தள்ளுவதும் பராமரிப்பாளர்கள் சிலரின் கையில். அவர்களில் பாதிப்பேர் சம்பளமில்லாமல் உழைப்பவர்கள்.

ஸ்கேன் செய்த கோப்பில் ஒரு பக்கம் படுக்கைவாட்டில் கிடந்தால் இந்த ஃபிரேம்வொர்க் அதை வெற்றுத்தாள் என்று நினைத்துத் தாண்டிவிடும். மூச்சுக் காட்டாது. பிறகு அந்தப் பக்கத்தில் உள்ளதைக் கேட்டால், அப்படி ஒன்றுமே இல்லை என்று மொழி மாதிரி சாதிக்கும். வாழ்நாள் முழுக்கத் தாளோடு மல்லுக்கட்டியவருக்கு இது ஒரு விஷயமா? பக்கத்தை முதலில் நிமிர்த்திவிட்டுப் படிக்கும்படி திருத்தம் எழுதி, அது சரியாக ஓடுகிறதா என்று பார்க்கும் சோதனைகளையும் சேர்த்து அனுப்பிவிட்டார்.

அந்தத் திருத்தத்தை நம்பி ஒரு வேலையும் இருந்தது. பேருந்து நிலையத்துக்குப் பின்னால், மாடியில் ஒரு சின்னக் கம்பெனி. அதை நடத்தும் அம்மாளிடம் நேரிலேயே போய்க் கேட்டிருந்தார்.

“டிகிரி இல்லாதது எனக்குப் பிரச்சினை இல்ல சார். ஆனா என் பார்ட்னர் பேப்பர் கேப்பார். அந்த ஃபிரேம்வொர்க்லதான் நாங்களும் வேலை பண்றோம். உங்க கோட் அதுல சேந்துடுச்சுன்னா அதைவிடப் பெரிய பேப்பர் கிடையாது. மாசக் கடைசி வரைக்கும் அந்த சீட்டுக்கு வேற ஆள் எடுக்கல, போதுமா?”

“மாசக் கடைசியா? அதுக்கு முன்னாடியே அவங்க எனக்கு நன்றி சொல்லி முடிச்சிருப்பாங்க மேடம்.”

அன்றே மச்சினனுக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டார். பால் வாங்கப் போன இடத்திலும் சொன்னார். அயர்ன் கடையிலும் சொன்னார்.

சில நாட்களில் பராமரிப்பாளர் ஒருவர் திருத்தத்தைப் பார்த்தார். யாரோ, எந்த நாடோ; பெயருக்குப் பக்கத்துப் படத்தில் ஆந்தை இருந்ததால் நம்மவருக்கு அவர் ஆந்தைதான். இரண்டு இடத்தில் மாற்றச் சொன்னார். மாற்றியதும் ஒப்புதலுக்கான பச்சைக் குறி போட்டு, “அருமை. இன்னொருவர் பார்த்ததும் சேர்த்துவிடலாம்” என்று எழுதினார்.

நம்மவருக்குத் தலைகால் புரியவில்லை. திரையைப் படம் எடுத்து எல்லோருக்கும் அனுப்பினார். மதியச் சாப்பாட்டுக்கு வந்திருந்த மனைவி எட்டிப் பார்த்தார்.

“என்னங்க, பச்சை வந்துட்டா முடிஞ்சுதா?”

“முடிஞ்ச மாதிரிதான்.”

“மாதிரியா?”

“உனக்கு இதெல்லாம் புரியாது. பேசாம சாப்பிடு.”

மச்சினன் வாய் சும்மா இருக்குமா? போனிலேயே ஆரம்பித்தான். “என்ன மாமா, இனிமே உலகமே உங்க கோட்லதான் ஓடுமாமே? ஆட்டோகிராஃப் இப்பவே வாங்கிக்கணுமா, அப்புறம் கியூவுல நிக்கணுமா?”

“சிரிடா மாப்ள, சிரி. வேலைல சேந்த அன்னிக்கு வந்து பேசு.”

பிரிண்டர் மெக்கானிக்குகளுக்கு ஒரு பழக்கம் உண்டு. வேலை முடிந்து கொடுக்கும்முன் இயந்திரத்தை ஒரு துடை துடைத்து, மூடிக்கு உள்பக்கம் தன் பெயர் போட்ட ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். இது யார் கைபட்டது என்று நாளைக்குத் திறப்பவனுக்குத் தெரிய வேண்டும் அல்லவா? பச்சைக் குறியையே பார்த்துக்கொண்டிருந்தவருக்குக் கை அரித்தது. தன் நிரலின் தலையில் ஆங்கிலத்தில் மூன்று வரி சேர்த்தார். எழுதியவர் பெயர் இன்னது. பள்ளிப்படிப்பு எட்டாம் வகுப்பு. தாள் சம்பந்தமான சந்தேகங்களுக்கு அணுகவும். அனுப்பு என்று தட்டினார்.

பச்சைக் குறி மறைந்துபோனது.

ஒப்புதல் கிடைத்தபின் ஒரு எழுத்தைத் தொட்டாலும் ஒப்புதல் ரத்து என்பது அங்கே சட்டம். புதிதாகச் சேர்த்ததையும் யாராவது பார்த்தாக வேண்டுமே. பங்களிப்போர் படிக்கவேண்டிய பக்கத்தில் அது எழுதியிருந்தது. நம்மவர் அந்தப் பக்கத்தை முதல் நாளே வேகமாகத் தள்ளிவிட்டுப் போனவர்.

அரக்கப்பரக்க மூன்று வரியையும் நீக்கி அனுப்பினார். நீக்கியதும் ஒரு மாற்றம்தான்; பச்சை திரும்பவில்லை. ஆந்தைக்கு மன்னிப்புக் கேட்டு எழுதினார். “பரவாயில்லை, மறுபடி பார்க்கிறேன்” என்று பதில் வந்தது. அதற்குப் பிறகு ஆந்தையிடமிருந்து ஒன்றும் வரவில்லை. அடுத்த வாரம் திட்டத்தின் பொதுப்பக்கத்தில் ஒரு குறிப்பு. ஆந்தை விலகிக்கொள்கிறாராம், இத்தனை வருடம் ஓய்வு நேரத்தையெல்லாம் இதற்கே கொடுத்ததில் உடம்பு கெட்டுவிட்டதாம், யாரும் தேட வேண்டாமாம். அதைப் படித்த நம்மவருக்குக் கோபம்கூட வரவில்லை. யார்மேல் கோபப்படுவது?

மற்ற பராமரிப்பாளர்களைக் கூப்பிட்டு எழுதினார். ஒருவர் மட்டும் பதில் சொன்னார்: “வரிசையில் நிறைய இருக்கிறது. தயவுசெய்து திரும்பத் திரும்பக் கூப்பிட வேண்டாம்.” வாழ்நாளில் யாரையும் கெஞ்சாதவர், அதைப் படித்துவிட்டு “சரிங்க” என்று வாய்விட்டே சொன்னார். அறையில் ஃபிரிட்ஜ்தான் கேட்டது.

மாசக் கடைசி நெருங்கியபோது அறிவிப்பு வந்தது. அடுத்த பதிப்பில் கோப்பு படிக்கும் பகுதி முழுவதும் ஃபிரேம்வொர்க்கிலிருந்து பிரிக்கப்பட்டுத் தனித் தொகுப்பாகிறது. அந்தப் பகுதிக்கு வந்து காத்திருக்கும் திருத்தங்கள் எல்லாம் மூடப்படும். வேண்டுமானால் அங்கே புதிதாக அனுப்பலாம். கொஞ்ச நேரத்தில் தானாக இயங்கும் நிரல் ஒன்று வந்து, உங்கள் பங்களிப்புக்கு நன்றி என்று எழுதி மூடிவிட்டுப் போனது. புதிய இடத்தைத் திறந்து பார்த்தார். பராமரிப்பாளர் என்ற தலைப்புக்குக் கீழே, ஆள் தேவை என்று போட்டிருந்தது.

மறுநாள் காலையில் கம்பெனி மாடிப்படி ஏறினார். போனில் வைத்திருந்த பச்சைக் குறிப் படத்தைக் காட்டினார். அந்த அம்மாள் அதைப் பார்த்தார். பிறகு தன் கணினியில் அந்தத் திருத்தத்தின் பக்கத்தையே திறந்தார்.

“மூடியிருக்கே சார்.”

“நிரல் தப்புன்னு மூடல மேடம். இடத்தை மாத்திட்டாங்க. நீங்களே ஓட்டிப் பாருங்களேன்.”

“எனக்குத் தெரியுது. நல்லாத்தான் எழுதியிருக்கீங்க.” அவர் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. “பார்ட்னர் சேந்துச்சா இல்லயான்னு ஒரே கேள்வி கேப்பார். நேத்தே ஒரு பையனை வரச் சொல்லிட்டார். டீ சொல்லட்டுமா?”

“வேண்டாம் மேடம். வெளிய வேலை இருக்கு.”

வெளியே ஒரு வேலையும் இல்லை. பேருந்து நிலைய பெஞ்சில் வெயில் காலுக்கு வரும்வரை உட்கார்ந்திருந்துவிட்டு வீட்டுக்கு நடந்தார்.

சாயங்காலம் மச்சினன் வந்தான். மனைவிதான் சொல்லியிருக்க வேண்டும். வழக்கமாக வாசலிலேயே கிண்டலை அவிழ்த்துவிடுகிறவன், அன்று செருப்பை ஓரமாக விட்டு, நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தான். ஏதாவது சொல்லித் தொலையமாட்டானா என்றிருந்தது நம்மவருக்கு. சொன்னால் திருப்பிக் கொடுக்க ஆயிரம் பதில் இருந்தது.

“மாமா, தப்பா எடுத்துக்காதீங்க. நான் வேலை பாக்குற ஆஸ்பத்திரி பார்க்கிங்ல டோக்கன் குடுக்க ஆள் கேக்குறாங்க. உக்காந்த வேலைதான். தெரிஞ்சவர்னு நான் சொல்லிக்கறேன்.”

மனைவி சமையலறை வாசலில் நின்றார். உள்ளேயும் போகவில்லை, வெளியேயும் வரவில்லை.

“படிப்பு என்ன கேக்குறான்?” என்றார் நம்மவர்.

“எட்டாவது போதும் மாமா.”

“ம்.” மடக்கு மேசையின் காலை மடக்கப் பார்த்தார்; அது வளைந்துகொண்டு மடங்க மறுத்தது. “காலைல எத்தன மணிக்குடா வரணும்?”