ஹார்ட் என்று சொன்னவர்

கிரில் பட்டறையில் வெல்டர் வாயைத் திறந்தால் வசவுதான். கம்பி இம்மி கோணினாலும் அதைப் பிடித்தவனின் ஏழு தலைமுறையையும் சந்திக்கு இழுப்பார். அப்படிப்பட்டவருக்கு ஐம்பத்திரண்டு வயதில் மார்பகப் புற்றுநோய். இடது மார்பை எடுத்துவிட்டார்கள். பட்டறையில் கேட்டவர்களிடம், ஹார்ட் ஆபரேஷன் என்று வாய் கூசாமல் சொல்லிவிட்டார். ஹார்ட் என்றால் ஆம்பளை வியாதி, எவனும் சிரிக்க மாட்டான். அவருக்கு உயிரைவிட அதுதான் பெரிதாகப் போயிற்று.

ஆஸ்பத்திரியிலும் படாத பாடு. பெண்களுக்கு நடுவே உட்கார்ந்திருந்தவரைக் காவலாளி, "துணைக்கு வந்தவங்க வெளிய நில்லுங்க" என்று மூன்று முறை விரட்டினான். நான்காம் முறை வெல்டர் தன் பெயர் போட்ட நோயாளிச் சீட்டை அவன் மூக்குக்கு நேரே ஆட்டினார்.

வீட்டில் மனைவி பொரிந்து தள்ளினாள். "ரத்த சொந்தத்துக்கும் டெஸ்ட் எடுத்துப் பாக்கணும்னு டாக்டரம்மா படிச்சுப் படிச்சுச் சொன்னாங்கல்ல? உங்க தம்பிகிட்டயாவது சொல்லித் தொலைங்களேன்!"

"அவன்கிட்ட சொன்னா பட்டறை பூரா தெரிஞ்சிடும். உன் வேலையப் பாரு."

தம்பியும் அதே பட்டறையில்தான் கம்பி வெட்டுகிறான். எட்டு மாதம் இப்படியே ஓடிற்று.

ஒரு மதியம் தம்பி வியர்த்த சட்டையைக் கழற்றி உதறினான். அவனுடைய வலது மார்புக் காம்பு உள்ளே இழுத்திருந்தது. பக்கத்தில் கோலிக்குண்டு அளவுக்கு ஒரு மேடு. வெல்டர் வேலையை அப்படியே போட்டுவிட்டு எழுந்தார்.

"டேய், இன்னிக்கே ஆஸ்பத்திரிக்குக் கிளம்பு."

"இது கொழுப்புக் கட்டிண்ணே. உனக்கு ஹார்ட்டுன்னா ஊருக்கெல்லாம் வியாதியா?"

பட்டறையே சிரித்தது. வெல்டர் கையுறையை வீசி எறிந்துவிட்டுச் சட்டைப் பொத்தான்களை அவிழ்த்தார். இடப்பக்கம் காம்பும் இல்லை, சதையும் இல்லை. அக்குள் வரைக்கும் தழும்பு.

"பாருங்கடா! நல்லா பாருங்க! ஹார்ட்டும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. மார்புல கேன்சர். சிரிக்கிறவன் இப்ப சிரிங்கடா!"

யாரோ மெஷினை அணைத்தார்கள்.

"உனக்கும் அதுவா இருக்கும்டா. வா, நான் கூட்டிட்டுப் போறேன்" என்று வெல்டர் தம்பியின் தோளைப் பிடித்தார்.

தம்பி அந்தக் கையைத் தட்டிவிட்டான்.

"ஆறு மாசத்துக்கு முன்னாடியே போனேன்" என்றான். "வீட்ல யாருக்காவது கேன்சர் இருக்கான்னு டாக்டர் கேட்டாரு. யாருக்கும் இல்ல, எங்கண்ணனுக்கு ஹார்ட்டுதான்னு சொன்னேன். அப்போ கொழுப்புக் கட்டிதான், பயப்பட ஒண்ணுமில்லன்னு அனுப்பிட்டாரு."

தம்பி சட்டையை மாட்டிக்கொண்டு வாசல் பக்கம் நடந்தான்.

"ஆஸ்பத்திரிக்குத்தான் போறேன். நீ கூட வராத."