சுமதி அக்காவின் மொட்டையும் என் ராஜாவும்

அரைத்த சந்தன வாசனை எங்கே வந்தாலும் எனக்குக் கோயில் ஞாபகம் வராது... திருத்தணியிலிருந்து சென்னைக்குப் போகும் காலை எலக்ட்ரிக் ட்ரெயினின் லேடீஸ் கம்பார்ட்மென்ட்தான் ஞாபகம் வரும்.

வேலைக்குச் சேர்ந்த புதிது. ஜன்னலோரம் உட்கார்ந்து போனிலேயே ஒரு ஃபேன்டஸி நாவல் எழுதிக்கொண்டிருந்தேன். இளவேழன் என்று சின்ன வயது ராஜா. மலைமேல் அவன் கோட்டை. கீழே சுற்றி வளைத்து நிற்கும் எதிரிப் படை.

பூக்கட்டுகிறவர்களும் கீரை ஆய்கிறவர்களும் என்ன டைப் பண்ணுகிறாய் என்று கேட்கப் போய், தினமும் ஒரு அத்தியாயம் வாசித்துக் காட்டுவது வழக்கமாகிவிட்டது. அரக்கோணம் வருவதற்குள் முடிக்க வேண்டும். அப்புறம் கூட்டத்தில் மூச்சுவிடவே இடம் இருக்காது.

ராஜாவுக்கு முதல் ரசிகை பொதட்டூர்பேட்டை சுமதி அக்கா. வீட்டில் தறிச் சத்தத்துக்கு மேல் பேசிப் பேசி, ட்ரெயினிலும் சத்தமாகத்தான் பேசுவார். இடுப்பு வரைக்கும் தொங்கும் பின்னல். அதில் அவருக்கு அவ்வளவு பெருமை.

கடைசியில் ராஜா செத்துவிடுவான் என்று ஒருநாள் உளறிவிட்டேன். நாயகன் செத்தால்தான் இலக்கியம் என்று எவரோ சொன்னதை நம்பிய காலம் அது. உண்மையில், அவனைக் கோட்டையைவிட்டு வெளியே கொண்டுவர எனக்கு வழி தெரியவில்லை. கம்பார்ட்மென்டே என்னோடு பேச்சை நிறுத்திவிட்டது.

ஆடிக்கிருத்திகைக்கு மறுநாள். பிளாட்பாரம் முழுக்க மொட்டையும் சந்தனமும். ஒரு மொட்டைத்தலை அம்மா என் பக்கத்தில் வந்து நின்று சிரித்தார். வெளியூர்க்காரர் என்று நினைத்து, டிக்கெட் கவுன்டர் அந்தப் பக்கம் என்று கைகாட்டினேன்.

"ஏய்... நான்தாம்மா."

சுமதி அக்கா! அண்ணன் பிள்ளைக்கு மொட்டை போடப் போன இடத்தில் தானும் உட்கார்ந்துவிட்டாராம். வீட்டில் யாருக்கு என்ன ஆச்சு என்று பதறினேன்.

"ஒன் ராஜாவுக்குத்தான். அவன் பொழைக்கணும்னு வேண்டிக்கினேன். முடிய முன்னாடியே குடுத்துட்டேன். இனிமே நீயாச்சு, முருகனாச்சு."

வேண்டுதல் பலித்த பிறகு முடி கொடுப்பார்கள். இந்த அக்கா அட்வான்ஸாகக் கொடுத்துவிட்டு வந்து நிற்கிறார்... கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அப்போதுதான் பொறி தட்டியது. தினம் பார்க்கிற எனக்கே இவரை அடையாளம் தெரியவில்லையே, எதிரிக்கு ராஜாவை எப்படித் தெரியும்?

அன்று நின்றபடியே எழுதினேன். கோட்டை ஜனங்கள் மொத்தமும் மொட்டை போட்டு, சந்தனம் பூசி, சரணடைந்தவர்களாக மலையிறங்குகிறார்கள். அவர்களைப் போகவிட்டு, கிரீடம் வைத்த ராஜாவைத் தேடி எதிரிப் படை உள்ளே பாய்கிறது. மொட்டைகளோடு மொட்டையாக வெளியே வந்துவிட்ட இளவேழன், கோட்டைக் கதவை வெளியிலிருந்து தாழ் போடுகிறான்.

மறுநாள் வாசித்தபோது விழுந்த கைத்தட்டலில் பக்கத்துப் பெட்டிக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். சுமதி அக்கா மொட்டைத் தலையைத் தடவிக்கொண்டு, தானே போரில் ஜெயித்த மாதிரி உட்கார்ந்திருந்தார்.

இப்போது அது அச்சுப் புத்தகம். அட்டையில் என் பெயர். எனக்கு வீட்டிலிருந்தே வேலை, தனி ரூம், ஏசி. என்ன டைப் பண்ணுகிறாய் என்று கேட்க ஆளில்லை... அது மட்டும்தான் குறை.

போன வாரம் போன் பண்ணி, இளவேழனின் இரண்டாம் பாகம் எழுதுகிறேன் என்று சுமதி அக்காவிடம் சொன்னேன். தறிச் சத்தத்துக்கு மேல் அக்காவின் குரல் வந்தது.

"இந்த தபா அவன ஒன்னும் பண்ணிடாதம்மா. முடி இப்பதான் இடுப்புக்கு வந்துகீது."