சிவப்பு நூல் கோத்த பாதி ஊசி

ஜப்பானில் பிப்ரவரி எட்டாம் தேதி ஊசிகளுக்கு ஓய்வு நாள். வருடம் முழுக்கத் தைத்து உடைந்துபோன ஊசிகளைக் கோயிலுக்கு எடுத்துப்போய், மெத்தென்ற சோயாக் கட்டியான டோஃபுவில் குத்திவைத்து, கும்பிட்டுவிட்டு வருவார்கள். அதற்கு முந்தின நாள் மத்தியானம் ஹதகேதா சேய்ஜி தன் தகர டப்பாவைத் திறந்து, உடைந்த ஊசிகளைச் செய்தித்தாளின்மேல் ஜோடி ஜோடியாக அடுக்கிக்கொண்டிருந்தார். காதுப் பக்கம் ஒரு துண்டு, முனைப் பக்கம் ஒரு துண்டு. அந்த வருடம் ஏழு ஊசிகள் உடைந்திருந்தன. ஆறு ஜோடி சேர்ந்தது. ஏழாவதில் காதுப் பக்கம் மட்டும் இருந்தது.

டப்பாவைக் கவிழ்த்துத் தட்டினார். ஒன்றும் விழவில்லை. மூடியைத் தட்டினார். செய்தித்தாளை உதறினார். முனையைக் காணோம்.

தனியாகக் கிடந்த அந்தக் காதில் ஒரு விரல் நீளத்துக்குச் சிவப்பு நூல் இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. சேய்ஜி அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். சிவப்பு நூலை அவர் அந்த வருடம் ஒரே ஒரு வேலைக்குத்தான் எடுத்தார். பாம்புகளுக்கு நாக்கு வைக்க.

பன்னிரண்டு பாம்புகள். பழைய கிமோனோத் துணியில் தைத்து, பஞ்சு அடைத்து, பன்னிரண்டு மிருக வருடங்களில் பாம்பின் வருடம் பிறக்கிறதே என்று ஊர்க்கூடத்து அலமாரியில் வைக்கக் கொடுத்தவை. யார் வேண்டுமானாலும் எடுத்துப் போகலாம். போய்விட்டன. ஒன்றரை மாதமாக யார் யார் வீட்டிலோ, யார் கையிலோ, யார் வாயிலோ.

"என்னங்க, ஏன் முகம் இப்படி வெளுத்துப்போச்சு?" கணப்பு மேசைக்கு அந்தப் பக்கம் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்த மனைவி மிட்சுயோ கேட்டாள்.

"ஒரு முனை இல்ல."

"எங்கயாவது பாய் இடுக்குல கிடக்கும்."

"பாம்பு தைச்ச ஊசி, மிட்சுயோ."

அவள் கையிலிருந்த சுளை அப்படியே நின்றது.

சேய்ஜி முப்பத்து நாலு வருடம் சுவா ஏரியைச் சுற்றி பஸ் ஓட்டியவர். ஒரு பூனைக்குக்கூட அடிபடாமல் ஓட்டினார். வண்டியை எடுக்கும் முன் ஒவ்வொன்றையும் விரல் நீட்டிக் காட்டி, வாய்விட்டுச் சொல்லவேண்டும் என்பது தொழில் சட்டம். "கதவு, சரி. வலது, சரி. இடது, சரி." சின்ன வயசு டிரைவர்கள் பலர் முணுமுணுத்து ஒப்பேற்றிவிடுவார்கள். சேய்ஜி கடைசி நாள்வரை உரக்கச் சொன்னார். முதுகுவலிக்காகத் தன் இருக்கைக்குத் தானே ஒரு மெத்தை தைத்துக்கொண்டதில்தான் தையல் தொற்றியது. பக்கத்து வண்டிக்காரர் ஒன்று கேட்டார், டெப்போவே கேட்டது. ஓய்வு பெற்றபின் வீட்டில் எதையும் விட்டுவைக்கவில்லை. கெட்டிலுக்குச் சட்டை, ரிமோட்டுக்குப் பை, காகிதக் கைக்குட்டைப் பெட்டிக்கு மேலங்கி. "இந்த வீட்டுல உறை போடாம இருக்கிறது நான் ஒருத்திதான்" என்று மிட்சுயோ வருகிறவர்களிடமெல்லாம் சொல்லுவாள்.

தைக்கும்போதும் அவருக்குப் பழைய பழக்கம்தான். உட்காரும்போது ஊசிமெத்தையை நோக்கி விரல் நீட்டுவார். "ஊசி, அஞ்சு. சரி." எழுந்திருக்கும்போது மறுபடி. "அதென்ன எண்ணிக்கிட்டே இருக்கீங்க, குட்டியா போடப்போகுது?" என்பாள் மிட்சுயோ.

டிசம்பர் இருபத்தெட்டாம் தேதி சாயங்காலம் மட்டும் அவர் விரல் நீட்டவில்லை.

அதை இப்போது ஒவ்வொரு கணமாக நினைவில் ஓட்டிப் பார்த்தார். கடைசி இரண்டு பாம்புக்கு நாக்கு வைத்துக்கொண்டிருந்தார். ஊசி டக்கென்று ஒடிந்தது. காதுப் பக்கம் விரலிடுக்கில் இருந்தது, டப்பாவில் போட்டார். முனையைத் தேடக் குனிந்தபோது குளியலறையிலிருந்து அந்தச் சின்னப் பாட்டு ஒலித்தது. தொட்டியில் வெந்நீர் தயார் என்று அர்த்தம். வீட்டில் முதலில் இறங்கவேண்டியவர் அவர். அவர் தாமதித்தால், அதே தண்ணீரில் பின்னால் இறங்கும் மிட்சுயோவுக்கு அது ஆறிப்போகும். வந்து தேடலாம் என்று எழுந்தார். குளித்துத் துவட்டிக்கொண்டு வெளியே வந்தால் வாசலில் நெஸு சான் பையோடு நிற்கிறாள். ஊர்க்கூடத்து அலமாரியைப் பார்த்துக்கொள்கிறவள்; 'சான்' என்பது அங்கே பேரோடு மரியாதைக்குச் சேர்ப்பது. "வருஷம் பிறக்க மூணு நாள்தான் இருக்கு, அலமாரியில ஒரு பாம்புகூட இல்ல. குடுங்க குடுங்க." புதிய ஊசியில் மிச்ச நாக்கைத் தைத்து, பன்னிரண்டையும் பையில் போட்டுக் கொடுத்தார். அவ்வளவுதான்.

"சுற்றுப்பலகையில எழுதி அனுப்பிடலாமா?" என்றாள் மிட்சுயோ. தெருவில் வீடு வீடாகக் கைமாறும் அட்டைப்பலகை அது. படித்ததும் முத்திரை குத்திப் பக்கத்து வீட்டுக்குக் கொடுக்கவேண்டும்.

"இருபத்து மூணு வீடு. ஒரு வாரம் ஆகும். அதுக்குள்ள..." அவரால் வாக்கியத்தை முடிக்க முடியவில்லை.

மிட்சுயோ எழுந்து போனை எடுத்தாள். "நீங்க காந்தத்த எடுத்துக்கிட்டு கூடத்துக்குப் போங்க. நான் நெஸு சானுக்குச் சொல்றேன். யாரு யாரு எடுத்தான்னு அவளுக்குத் தெரியாம இருக்காது, யாரு வீட்டுல என்ன குழம்புன்னுகூடத் தெரிஞ்சவ."

ஊர்க்கூடம் பனியில் பத்து நிமிட நடை. கோட்டுப் பையில் காந்தமும், அந்தக் காதுத் துண்டு மட்டும் போட்ட தகர டப்பாவும் தொடையில் இடித்துக்கொண்டே வந்தன. அந்த அலமாரி வாசலிலேயே இருந்தது, ஒரு காலத்தில் செருப்பு வைத்தது. பால் அட்டைகளைக் கட்டிச் செய்த முக்காலி, விளம்பரத் தாளில் மடித்த குப்பைப் பெட்டிகள், கம்பளி நூலில் பின்னிய பாத்திரம் தேய்க்கும் பூக்கள், யாரோ காய்ச்சிய யூஸு எலுமிச்சை ஜாம். எடுத்துப் போகிறவர் பேர் எழுதுவதில்லை. அடுத்த முறை தானும் ஏதாவது செய்து கொண்டுவந்து வைத்தால் போதும். அதைக் கடந்து போகும்போது சேய்ஜி தலை நிமிரவில்லை.

மிட்சுயோ போட்ட போன் வேலை செய்தது. அரை மணி நேரத்தில் ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். உஷியாமா சான் தன்னுடைய பாம்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு வந்தார்.

"கதவுக்குக் கீழ வச்சிருந்தேன் சேய்ஜி சான். குளிர்காத்து உள்ள வரல. எலியும் வரல, பயந்துடுச்சு போல."

யாரோ சிரித்தார்கள். சேய்ஜியும் சிரிக்கப் பார்த்தார். உதடு ஒட்டிக்கொண்டது.

பாம்பை மேசையில் நீட்டி, வாலிலிருந்து தலைவரை காந்தத்தை மெல்ல இழுத்தார். பிறகு விரலால் அங்குலம் அங்குலமாக அமுக்கிப் பார்த்தார். ஒன்றுமில்லை. உஷியாமா சான் பெருமூச்சு விட்டார். "நம்மாளு நல்லவன்."

அடுத்தது. ஒன்றுமில்லை. அடுத்தது. காரின் பின்கண்ணாடியில் தொங்கியது, பூஜை மாடத்தில் இருந்தது, ரிமோட்டுக்குத் தலையணையாக இருந்தது. ஒவ்வொன்றும் சுத்தமாக வெளியே வரும்போது சுற்றி நின்றவர்கள் முகம் தெளிந்தது. சேய்ஜிக்கு மட்டும் தெளியவில்லை. இதில் இல்லையென்றால் மிச்சம் இருப்பதில் இருக்கிறது. ஆறு போய், ஐந்து போய், நான்கு. ஊசி முனை கண்ணுக்குத் தெரியாமல் ஒரு பாம்பிலிருந்து இன்னொரு பாம்புக்குத் தாவிக்கொண்டே போய், கடைசிப் பாம்புக்குள் காத்திருப்பதுபோல் இருந்தது.

நான்கு மணிக்குப் பதினோரு பாம்புகள் மேசையில் கிடந்தன.

"பன்னிரண்டாவது?" என்றார் சேய்ஜி.

எப்போதும் வாய் ஓயாத நெஸு சான் சுவரோரம் கையைப் பிசைந்துகொண்டு நின்றாள்.

"நெஸு சான்?"

"நான் ரெண்டு எடுத்தேன்" என்றாள். குரல் கம்மியிருந்தது. "ஒண்ணு இந்தா இருக்கு. இன்னொண்ணு என் தங்கச்சி பொண்ணுக்கு அனுப்பிட்டேன். கனோகோவுக்கு. ஏரிக்கு அக்கரையில இருக்கா. அவளுக்கு... கைக்குழந்தை இருக்கு சேய்ஜி சான். ஒம்பது மாசம். அப்பத்துலேர்ந்து போன் போட்டுக்கிட்டே இருக்கேன். எடுக்க மாட்டேங்கிறா."

சேய்ஜி காந்தத்தைக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

சேய்ஜியும் நெஸு சானும் நாலே கால் பஸ்ஸைப் பிடித்தார்கள். அவர் ஓட்டிய அதே தடம். டிரைவர் புதுப் பையன். கண்ணாடியில் பார்த்து அடையாளம் கண்டு, தொப்பியைத் தொட்டான். பிறகு வெள்ளை உறை போட்ட விரலை நீட்டி, "கதவு, சரி" என்று உரக்கச் சொன்னான். சேய்ஜி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ஏரி விளிம்பெல்லாம் உறைந்து, சாம்பல் நிறத்தில் கிடந்தது. ஒவ்வொரு நிறுத்தமும் அவருக்குத் தெரியும். இன்னும் ஒன்பது. இன்னும் எட்டு. ஒன்பது மாசக் குழந்தை என்ன செய்யும்? எதை எடுத்தாலும் வாயில் வைக்கும். பாம்பில் வாயில் வைக்கத் தோதாக நீட்டிக்கொண்டிருப்பது நாக்குதான். அதைத்தான் முதலில் கவ்வும். தானே அதை அப்படி நீளமாக வெட்டினார், பார்க்க வேடிக்கையாக இருக்கட்டும் என்று.

நெஸு சான் மறுபடி போன் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது.

வீட்டு வாசலில் கனோகோ கோட்டைக்கூடக் கழற்றாமல் நின்றுகொண்டிருந்தாள். இடுப்பில் குழந்தை. முகம் சிவந்து, கன்னமெல்லாம் கண்ணீர். அதன் முஷ்டியில் பாம்பு. சிவப்பு நாக்கு வாய்க்குள்.

"பெரியம்மா! என்ன இந்த நேரத்துல? போன சைலண்ட்ல போட்டுட்டேன், இப்பத்தான் டாக்டர்ட்ட போயிட்டு வரோம். ரெண்டு நாளா ஒரே அழுகை. ராத்திரி தூங்கவே இல்ல."

சேய்ஜி ஓரடி முன்னால் வந்தார். "டாக்டர்... டாக்டர் என்ன சொன்னாரு?"

"பல்லு முளைக்குதாம். ஈறு வீங்கியிருக்குன்னாரு. நீங்க யாரு?"

அவர் பனியிலேயே தலை குனிந்து வணங்கினார். நிமிரவில்லை. குனிந்தபடியே சொன்னார். "அந்தப் பாம்ப தைச்சவன். ஹதகேதா. அதுக்குள்ள உடைஞ்ச ஊசி இருக்கலாம். தயவுசெஞ்சு அத வாயிலேர்ந்து எடுங்க."

கனோகோ ஒரு கணம் புரியாமல் பார்த்தாள். அடுத்த கணம் பாம்பைப் பிடுங்கினாள். குழந்தை வீறிட்டது.

வாசற்படியில் உட்கார்ந்து, முழங்கால்மேல் பாம்பை நீட்டினார். துணி ஈரமாக, எச்சிலால் கனத்திருந்தது. வாலில் ஒன்றுமில்லை. வயிற்றில் ஒன்றுமில்லை. கழுத்தில் காந்தத்தை இரண்டு முறை ஓட்டினார், ஒன்றுமில்லை. தலைக்கு வந்தார்.

டிக்.

அவ்வளவு சின்னச் சத்தம். நாக்கு வேரோடியிருந்த இடத்துக்கு ஒரு நெல்லளவு தள்ளி, துணியைத் துளைத்துக்கொண்டு, நகக்கண் நீளத்துக்கு ஒரு பளபளப்பு வெளியே வந்து காந்தத்தில் ஒட்டியது.

நெஸு சான் வாயைப் பொத்திக்கொண்டாள். கனோகோ முன்னறைக்குள் போனாள். குழந்தையைத் தரையில் கிடத்தி, விளக்கைப் போட்டு, விரலால் அதன் ஈறு, கன்னத்தின் உட்புறம், நாக்கடி எல்லாம் தடவினாள். மறுபடி தடவினாள். ரத்தம் இல்லை. காயம் இல்லை. ஈறில் வெள்ளையாக ஒரு புள்ளி, அரிசி முனை மாதிரி. பல்தான். அவள் குழந்தையை அள்ளி மார்போடு அணைத்துக்கொண்டு, முதுகைத் திருப்பி உட்கார்ந்தாள். தோள் குலுங்கிக்கொண்டிருந்தது.

சேய்ஜி முனையைக் காதுத் துண்டோடு டப்பாவில் போட்டு மூடினார். மூடியைத் திறந்து பார்த்தார், இரண்டும் இருந்தன. மூடினார். என்ன சொன்னாலும் அது சின்னதாகத்தான் இருக்கும். தலையைத் தரையில் படும்படி வைத்தார். "எல்லாத்தையும் எடுத்துட்டுப் போயிடறேன். இனிமே ஊசியத் தொட மாட்டேன்."

குழந்தை அழுதுகொண்டே இருந்தது. பாம்பு அவர் மடியில் கிடக்க, அதை நோக்கிக் கையை நீட்டி நீட்டி அழுதது.

கனோகோ திரும்பினாள். கண் சிவந்திருந்தது, குரல் வெட்டியது. "எடுத்துட்டுப் போயிட்டா? இது இல்லாம இவ கண்ண மூட மாட்டா. ரெண்டு நாளா இதக் கடிச்சுக்கிட்டுதான் கொஞ்சமாவது ஓஞ்சா."

"நான்..."

"நாக்கப் பிரிங்க. பஞ்ச வெளிய எடுத்துக் கொட்டுங்க. எல்லாத்தையும் பாத்துட்டு மறுபடி தையுங்க. இங்கயே. என் கண்ணு முன்னாடி." உள்ளே போய்த் தன் தையல் பெட்டியைக் கொண்டுவந்து அவர் முன்னால் டொக்கென்று வைத்தாள். அதிலிருந்து ஒரே ஒரு ஊசியை எடுத்து நீட்டினாள்.

சேய்ஜி பஞ்சையெல்லாம் உருவிச் செய்தித்தாளில் பரப்பினார். காந்தத்தை அதன்மேல் நான்கு முறை ஓட்டினார். மறுபடி அடைத்தார். நூல் கோக்க மூன்று தடவை தவறியது. நாக்கைப் பாதியாகக் கத்தரித்துச் சின்னதாக வைத்தார், இறுக்கி இறுக்கித் தைத்தார். முப்பத்து நாலு வருடத்தில் உறைபனி மலைப்பாதையில் வண்டி இறக்கியபோதுகூட அவர் உள்ளங்கை இப்படி வியர்த்ததில்லை. கடைசி முடிச்சைப் போட்டு, நூலை வெட்டி, ஊசியை ஒரு வெள்ளைத் துணியில் குத்தி எல்லாரும் பார்க்கும்படி வைத்தார். விரலை நீட்டினார். இடது கையால் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"ஊசி, ஒண்ணு. முழுசு. சரி."

கனோகோ குழந்தையின் கைக்கு எட்டாத உயரத்தில் பாம்பைப் பிடித்துக்கொண்டு அவரையே பார்த்தாள்.

"இன்னொரு தடவ எண்ணுங்க" என்றாள்.

அவர் எண்ணினார்.