கடைக்குப் போய்த் திரும்பி வந்த மட்டிக் குலை

ஜெபகுமாரியின் வீட்டைச் சுற்றி விளைகிற எதையும் அவளுடைய கணவன் தின்னக்கூடாது.

முற்றத்தில் நாலு தென்னை நிற்கிறது. கிணற்றங்கரையில் வாழை. பின்பக்கம் ஒரு பாத்தி மரச்சீனிக் கிழங்கு, வேலியோரம் முருங்கை. இவற்றைத் தின்றுதான் செல்வதாஸ் இத்தனை வருடம் கொத்தவேலை செய்தார். சிறுநீரகம் இரண்டும் ஓய்ந்த பிறகு இவை அத்தனையும் அவருக்குப் பகையாகிவிட்டன. அவருக்கு ஆகும் என்று சொல்லப்பட்டவை முட்டைக்கோசு, புடலங்காய், பீர்க்கங்காய், எப்போதாவது ஒரு ஆப்பிள். எங்கிருந்தோ லாரி ஏறிக் கருங்கல் சந்தையில் வந்து இறங்குகிறவை. வீட்டில் சும்மா கிடைப்பது விஷம், காசு கொடுத்து வாங்குவது மருந்து. கர்த்தர் ஏன் இப்படி வைத்தார் என்று ஜெபகுமாரி கேட்டதில்லை. கேட்கிற நேரத்துக்குக் கோசு நறுக்கலாம்.

வாரம் இரண்டு முறை நாகர்கோவிலுக்குப் பஸ் ஏறி, அரசு ஆஸ்பத்திரியில் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு வர வேண்டும். அது இலவசம். காப்பீட்டு அட்டை இருக்கிறது. ரேஷன் அரிசிக்கும் அட்டை இருக்கிறது. கோசுக்குத்தான் அட்டை இல்லை. மகன் பிரபின் துபாயில் இருந்தான். அவனுடைய கம்பெனி சம்பளத்தைப் பாதியாக்கியதிலிருந்து அவன் அனுப்புவது பஸ்ஸுக்கும் ஊசிமருந்துக்கும் சரியாக இருந்தது.

ஆஸ்பத்திரியில் அந்தப் பிரிவு நர்ஸ் சபிதா முதல் நாளே அவளைத் தனியாக அழைத்துச் சொன்னாள்.

"அக்கா, நல்லா கேட்டுக்கிடுங்க. ஒடம்புல பொட்டாசியம் ஏறிச்சுன்னா வலிக்காது, கத்தாது. வெளக்க அணைச்சது மாதிரி நெஞ்சு நின்னு போவும். வாழப்பழம், இளநி, ஆரஞ்சு, தேங்கா, கெழங்கு, ஹார்லிக்ஸ், ஒண்ணும் அவருக்க வாய்க்குப் போவப்பிடாது."

ஜெபகுமாரி அதைப் பிடித்துக்கொண்டாள். காய்களைப் பொடிப்பொடியாக அரிந்து, நிறையத் தண்ணீரில் ஊறப்போட்டு, வேகவைத்து, அந்தத் தண்ணீரை வடித்தாள். சாறு போன காயில் தேங்காயும் இல்லாமல், உப்பும் பேருக்கு மட்டும் போட்டு அவருக்கு வைத்தாள். வடித்த தண்ணீரைக் கொட்ட அவளுக்கு மனம் வரவில்லை. அதில் உப்பும் நல்லமிளகும் போட்டுத் தன் சோற்றில் ஊற்றிக்கொண்டாள். முட்டை அவித்தால் வெள்ளை அவருக்கு, மஞ்சள் அவளுக்கு. மற்றபடி மரச்சீனி அவளுக்கு. காலையிலும் மரச்சீனி, ராத்திரியிலும் மரச்சீனி. தேங்காயை அவள் தின்பதில்லை. அது விற்பதற்கு.

"ஏட்டி, இது கறியா, கழுவுன வெள்ளமா?" என்பார் செல்வதாஸ், தட்டைப் பார்த்து.

"வெள்ளத்த நான் குடிச்சாச்சு. உங்களுக்கு உள்ளது கறிதான்."

இவ்வளவு இறுக்கியும் வாரக்கடைசியில் கோசுக்குக் காசு எட்டாது. அதை எட்டவைத்தது ஊராரின் அன்பு.

நோயாளி வீட்டுக்கு வெறுங்கையோடு போவது அந்த ஊரில் வழக்கமில்லை. செல்வதாஸே அப்படிப்பட்டவர்தான். யாராவது படுத்திருக்கிறார் என்று காதில் விழுந்தால், கிணற்றங்கரையில் மூத்த குலையைப் பார்த்து வெட்டித் தோளில் சுமந்துகொண்டு போவார். "கையி வீசிக்கிட்டு போனா, போனது போலயா?" என்பார். இப்போது அவருடைய முறை. சபையார் வந்தார்கள், அவரோடு வேலை செய்த கையாட்கள் வந்தார்கள். வந்தவர்கள் எல்லாரும் ஒன்றைத்தான் கொண்டு வந்தார்கள்: அவர் தின்னக்கூடாததை. ஆரஞ்சு, இளநீர், ஹார்லிக்ஸ் பாட்டில்.

முதல் தடவை அதை என்ன செய்வது என்று தெரியாமல் அவள் பைநிறைய ஆரஞ்சை எடுத்துக்கொண்டு நாராயணபெருமாளின் காய்கறிக் கடைக்குப் போனாள். அவர் நெற்றியில் வெள்ளை நாமம், வாயில் அதிகம் பேச்சில்லை. அவர் பையைத் திறந்து பார்த்தார்.

"என்ன வேணும் பிள்ளே?"

"கோசு. ரெண்டு பீர்க்கங்கா. முட்ட."

அவர் நிறுத்துப் பார்க்கவில்லை. கேட்டதை எடுத்து வைத்தார். "இங்க வாசல்ல தூக்கி விக்க மாட்டேன், ஒருத்தரும் காண மாட்டாவ, பேடிக்காண்டாம். தேங்காய்ப்பட்டணத்துல எனக்க தம்பிக்குக் கட இருக்கு. ஷைஜுவுக்க டெம்போல கேத்தி விட்டுருவேன்" என்று மட்டும் சொன்னார்.

அப்படி ஒரு வருடம் ஓடியது. பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டதாகக் கணவரிடம் சொன்னாள். "குடு, குடு. பிள்ளைய திங்கட்டு" என்பார் அவர், தானே கொடுத்ததுபோல முகம் தெளிந்து. அந்தத் தெளிவைப் பார்க்கும்போது மட்டும் அவள் தட்டை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விடுவாள்.

அந்த ஐப்பசியில் பெமிலா டீச்சர் ஒரு மட்டி வாழைக் குலையோடு வந்தார். பெண்கள் ஐக்கியச் சங்கத்தின் தலைவி, பள்ளிக்கூடத்திலிருந்து ஓய்வு பெற்றவர். அறுப்பின் பண்டிகைக்குப் படைப்பதற்காகத் தன் தோட்டத்தில் நேர்ந்து வைத்திருந்த குலை. வௌவால் கடிக்காமல் பழைய நீலச்சேலையால் சுற்றி வளர்த்திருந்தார். அந்தச் சேலைக்கிழிசல் ஒன்று காம்பில் கட்டியபடியே இருந்தது.

"ஆண்டவருக்கு வச்சிருந்ததாக்கும். செல்வதாசு தின்னா அவரு கோவிக்க மாட்டாரு" என்றார்.

"டீச்சர், இவியளுக்கு வாழப்பழம் ஆவாதுன்னு ஆஸ்பத்திரியில..."

"மட்டியா? பல்லு மொளைக்காத பிள்ளைக்குக் குடுக்கியது மட்டி. மட்டி ஆருக்குப்பிள்ளே ஆவாது? டாக்டரு சொன்னது நேந்திரனையாக்கும்."

ஜெபகுமாரி குலையை வாங்கிக் கொக்கியில் மாட்டினாள். பேசியும் பயனில்லை. அந்தப் பக்கத்தில் மட்டிப்பழத்தைப் பற்றிக் குறை சொன்னால் தாய்ப்பாலைக் குறை சொன்னதுபோல. பிள்ளைக்கு முதல் பழம் அது, சாகக் கிடக்கிறவருக்குக் கடைசிப் பழம் அது. செல்வதாஸும் குலையைப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டுதான் இருந்தார்.

மறுநாள் குலை கடைக்குப் போனது. அன்று ஷைஜுவின் டெம்போ வழியில் எங்கோ பழுதாகி நின்றுவிட்டது. பழம் பழுத்துக் காம்பு விட ஆரம்பிக்கவே, இன்னும் ஒரு நாள் பொறுத்தால் உதிர்ந்துவிடும் என்று நாராயணபெருமாள் குலையைக் கடைவாசலில் கயிற்றில் தூக்கினார். நீலக் கிழிசலை அவிழ்க்க அவருக்குத் தோன்றவில்லை.

சனிக்கிழமை சாயங்காலம் ஜெபகுமாரியின் வீட்டில் ஜெபக்கூட்டம். பெண்கள் வந்து பாயில் உட்கார்ந்தார்கள். கடைசியாக ஒரு ஆட்டோ வந்து நின்றது. பெமிலா டீச்சர் இறங்கி, ஒரு குலையைத் தானே இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வந்து, இரண்டு நாள் முன்பு தொங்கவிட்ட அதே கொக்கியில் மாட்டினார்.

"நாராயணபெருமாளுக்க கடையில வாங்கினேன். நல்ல மட்டி. எனக்க தோட்டத்து மட்டி போலவே இருந்து."

யாரும் சிரிக்கவில்லை. பாயில் இருந்த ஒருத்தி வேதப்புத்தகத்தைத் திறந்து எதையோ தேடுவதுபோல் குனிந்துகொண்டாள்.

செல்வதாஸ் கட்டிலில் சாய்ந்திருந்தார். நீலக் கிழிசலைப் பார்த்தார். பிறகு மனைவியைப் பார்த்தார். ஜெபகுமாரி சிமெண்டுத் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவருக்கு விளங்க அவ்வளவு போதுமாக இருந்தது. ஒரு வருடத்து ஆரஞ்சுகளும் இளநீரும் அந்த நேரத்தில் அவர் முகத்தில் வரிசையாகக் கடந்து போவதை அவள் நிமிராமலே கண்டாள்.

"டீச்சர், அதுல ஒரு சீப்பு இஞ்ச தாருங்க" என்றார் செல்வதாஸ்.

"வேண்டாம். கேட்டியளா, வேண்டாம்" என்று ஜெபகுமாரி அருகே போனாள்.

"நீ மிண்டாத."

"திங்கட்டு விடு பிள்ளே. எத்தற ஆசையா கேக்கியாரு" என்றார் பெமிலா டீச்சர். அந்தக் குரலில் கோபம் பாதி தணிந்து, வெற்றிபெற்ற தாயின் குழைவு வந்திருந்தது.

மட்டி சின்னப் பழம். இரண்டு கடியில் தீர்ந்துவிடும். செல்வதாஸ் ஒவ்வொன்றாக உரித்துத் தின்றார். பசித்தவர் தின்பதுபோல் இல்லை. சாட்சி சொல்வதுபோல், எல்லாரையும் பார்த்துக்கொண்டு தின்றார். தேன் மணம் அறை முழுவதும் நிறைந்தது. "கொள்ளாம் டீச்சர், நல்ல ருசி" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. நன்றியில் கலங்கியது என்று பெண்கள் நினைத்தார்கள். சீப்பைப் பிடுங்க ஜெபகுமாரி கை நீட்டினாள். இத்தனை பேர் நடுவில் கணவன் கையிலிருந்து பழத்தைப் பிடுங்குகிறவள் என்று பேர் வருமே என்ற நினைப்பில், அந்தக் கை பாதியிலேயே நின்றது. அந்தப் பாதிக் கையை அவள் பிறகு ஒருநாளும் மறக்கவில்லை.

அடுத்த சுத்திகரிப்புக்குத் திங்கட்கிழமைதான் போக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலையில் செல்வதாஸ் கட்டிலை விட்டு இறங்கப் பார்த்தார்.

"ஏட்டி, காலு எனக்கது இல்லாத்தது போல இருக்கு."

அவள் ஓடிப்போய் ஆட்டோ பிடித்தாள். அவரைத் தூக்கி ஏற்றிக்கொண்டு புறப்பட்டபோது கோவிலில் ஞாயிறு ஆராதனை விட்டிருந்தது. வாசலில் கூட்டம் வழியை அடைத்து நின்றது. ஆட்டோவுக்குள் எட்டிப் பார்த்த பெமிலா டீச்சர் வேறொன்றும் கேட்காமல் ஏறி அவர் தலையை மடியில் வாங்கிக்கொண்டார். நாகர்கோவில் வரைக்கும் டீச்சரின் உதடு அசைந்துகொண்டே இருந்தது. ஜெபகுமாரிக்கு ஜெபம் வரவில்லை. அவருடைய கைநாடியைப் பிடித்தபடி வந்தாள். அது ஒரு இடத்தில் நின்று, யோசித்து, பிறகு நடந்தது.

பிழைத்துவிட்டார். ஊசி போட்டு, உடனே இயந்திரத்தில் சேர்த்து, மத்தியானம் கடந்த பிறகு சபிதா வெளியே வந்தாள். முகம் சிவந்திருந்தது.

"வாழப்பழம் தின்னேன்னு அவரு சொன்னாரு. ஆரு குடுத்தது?"

பெமிலா டீச்சர் சுவரோரம் நின்றார். வாயைத் திறந்தார். அதற்குள் ஜெபகுமாரி சொல்லிவிட்டாள்.

"நான்தான் பிள்ளே. ஆசப்பட்டுக் கேட்டாரு. குடுத்துட்டேன்."

"உங்களுக்கு வெளிவு உண்டா அக்கா? எத்தற மட்டம் சொன்னேன்! இப்பம் கொண்டு வந்தது போல அடுத்த மட்டம் கொண்டு வர ஒக்காது, பாத்துக்கிடுங்க. இனி வாரத்துக்கு மூணு மட்டம் வரணும்."

ஜெபகுமாரி தலையாட்டினாள். பழியைத் தன்மேல் போட்டுக்கொண்டது பெரிய மனதால் அல்ல. டீச்சரைக் காட்டிக்கொடுத்தால் சபையில் ஒருவரும் வீட்டுப் படி ஏற மாட்டார்கள், கொண்டு வருவதும் நின்றுபோகும் என்று அந்த நேரத்திலும் அவளுக்குக் கணக்கு ஓடியது.

வீட்டுக்கு வந்த பிறகும் செல்வதாஸ் அவளோடு பேசவில்லை. வைத்ததைத் தின்றார், திரும்பிப் படுத்தார். ஒருநாள் தட்டை எடுக்கப் போனபோது கேட்டார்.

"எனக்க பேரச் சொல்லிக் கொண்டு வந்தத, எனக்குத் தெரியாம வித்தியே, பிள்ளே."

"அத வித்து வாங்கின கோசத்தான் நீங்க ஒரு வருசமாட்டு தின்னிய."

அவர் தட்டைப் பார்த்தார். கடைசியாக மிச்சமிருந்த வாயளவு கறி அதில் கிடந்தது. அதை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தார். அதற்குப் பிறகு கறியைப் பற்றி அவர் கேலி பேசியதே இல்லை.

பெமிலா டீச்சர் மறு வாரம் வந்தார். வாசலில் தயங்கி நின்றார். இரண்டு கையிலும் ஒன்றுமில்லை. அந்தக் கைகளை எங்கே வைத்துக்கொள்வது என்று அவருக்குத் தெரியவில்லை. முந்தானையைப் பிடித்தார், விட்டார். பிறகு ஜெபகுமாரியின் தோளில் சாய்ந்து அழுதார்.

"நீ என்னக் காட்டிக் குடுக்கல்லியே மக்கா. நான் என்னத்தயெல்லாம் பேசினேன். ஆராதன முடிஞ்சப்பம் எல்லாருக்கும் முன்னால நானே எந்திச்சுச் சொல்லிட்டேன். இனி ஒருத்தரும் இந்த வீட்டுக்கு ஒரு பழங்கூடக் கொண்டு வரப்பிடாதுன்னு. எல்லாரும் சத்தியம் செய்திருக்கியாவ. நீ பேடிக்காண்டாம்."

"சந்தோசம் டீச்சர்" என்றாள் ஜெபகுமாரி. "இரியுங்க. கட்டஞ்சாயா எடுக்கேன்."

அடுப்படியில் சீனி டப்பாவைச் சரித்துத் தட்டிப் பார்த்தாள். டீச்சர் சொன்னபடியே ஆயிற்று. சபையார் முன்னைவிட அதிகமாக வந்தார்கள். கையை வீசிக்கொண்டு வந்து, கட்டிலைச் சுற்றி உட்கார்ந்து, மனமுருகி ஜெபம் செய்து, கட்டஞ்சாயா குடித்துவிட்டுப் போனார்கள்.

வெள்ளிக்கிழமை அவள் கடைக்குப் போனாள். நாராயணபெருமாள் பழக்கத்தில் அவள் கையைப் பார்த்தார். மடித்த பை ஒன்று மட்டும் இருந்தது. குலையைத் தூக்கியதைப் பற்றி என்னவோ சொல்ல வந்தவர் சொல்லாமல் தராசைத் துடைத்தார்.

"இன்னைக்கு ஒண்ணும் இல்லியா பிள்ளே?"

"இனி வராதண்ணே. ஒரு கோசுல பாதி தாருங்க."

"பாதி முறிச்சா மத்தப் பாதிய ஆரும் எடுக்க மாட்டாவ."

அவள் பையை விரித்துப் பிடித்தாள். அங்கேயே நின்றாள். அவர் அவளை ஒருமுறை பார்த்துவிட்டுக் கத்தியை எடுத்தார். கோசு நடுவில் பிளந்து இரண்டு பக்கமும் சாய்ந்தது. அவள் சேலைத்தலைப்பில் முடிந்திருந்ததை அவிழ்த்துக் கொடுத்து, பாதிக் கோசைப் பைக்குள் போட்டாள். பை மெல்லியது, வெளியே தெரியும். வெட்டுப்பக்கம் தன் உடம்போடு இருக்கும்படி இடுப்பில் அணைத்துக்கொண்டு, கோவில் வழியாகப் போகாமல் ரப்பர்த் தோட்டத்து ஒற்றையடிப் பாதையில் இறங்கி நடந்தாள்.