தைஸ்தோவை உட்கார வைத்தவர்கள்

தைஸ்தோவை அடக்கம் செய்த அன்று தேவாலயக் கூடத்தில் காப்பியும் ஏலக்காய் ரொட்டியும் கொடுத்தார்கள். அவர் மகள் மர்யுத் மூக்கைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "ஒண்ணு மட்டும் திருப்தி. கடைசி ஒண்ணரை வருஷம் அப்பாவை ஒரு துரும்பைக்கூட எடுக்க விடல." சுற்றி இருந்தவர்கள் தலையாட்டினார்கள். பக்கத்து வீட்டு யார்மோ கோப்பையை வைத்துவிட்டு வெளியே போனான். ஆறு வருடம் ஆகிறது. அந்தப் பேச்சு இன்னும் அவன் தொண்டையில் முள்ளாக நிற்கிறது.

துரும்பாம்! காட்டில் மரம் வெட்டியே ஓய்வுபெற்ற மனுஷன். அதற்கப்புறமும் விறகு பிளந்து, உறைந்த ஏரியில் துளை போட்டுத் தண்ணீர் சுமந்து, சனிக்கிழமைதோறும் கரையிலிருந்த சவுனா என்கிற நீராவிக் குளியல் குடிலை மூட்டி வியர்க்க வியர்க்கக் குளித்தவர். மனைவி செத்த வருடம்கூட ஒரு சனிக்கிழமை தவறியதில்லை. யார்மோ விறகைக் கோணலாக அடுக்கினால் வேலியோரம் நின்றே வாங்கு வாங்கென்று வாங்குவார்.

எண்பதாவது வயதில், ஒரு நவம்பரில் பனியில் சறுக்கி மணிக்கட்டில் விரிசல். அவ்வளவுதான். ஆறு வாரத்தில் எலும்பு கூடிவிட்டது. ஆனால் அதற்குள் மர்யுத் ஹெல்சிங்கியிலிருந்து வந்து எல்லாவற்றையும் முடித்துவிட்டாள். விறகடுப்புக்குப் பதில் வீட்டைச் சூடாக்கச் சுவரில் மின்பெட்டி. விறகு முழுக்கத் தானம். மத்தியானச் சாப்பாடு டப்பாவில் வாசலுக்கே வந்தது. பொத்தானை அமுக்கினால் ஆளைத் தானே தூக்கி நிறுத்துகிற நாற்காலி ஒன்று கூடத்துக்கு வந்தது. ஊரும் சும்மா இருக்கவில்லை. கூட்டம் போட்டு, யார்மோ தன் டிராக்டரால் அவர் வாசற்படி வரைக்கும் பாதையிலிருந்த பனியைத் தள்ளி ஒதுக்க வேண்டும் என்று முடிவு செய்தது. அவனும் பல்லை இளித்துக்கொண்டு தள்ளினான். இப்போது நினைத்தால் தன்னையே அறையத் தோன்றுகிறது.

"ராஜா மாதிரி இருக்கேன்டா" என்றார் முதல் மாதம். பிப்ரவரியில் சவரம் நின்றது. டிவி ஓடும், அவர் பார்வை அதற்குக் கீழே எங்கேயோ கிடக்கும். சாப்பாட்டு டப்பா மூடி திறக்காமல் இருக்கும். "இன்னிக்கு என்ன கிழமை?" என்று ஒரே நாளில் மூன்று தடவை கேட்டார். விடிந்ததிலிருந்து படுக்கும்வரை நாற்காலியிலேயே கிடப்பவருக்குக் கிழமை எதற்கு?

நர்ஸ் வந்தாள். தாளைப் பார்த்துக் கேள்வி கேட்டாள். மனச்சோர்வு என்று எழுதி மாத்திரை கொடுத்தாள். அடுத்த முறை வந்து மாத்திரையைக் கூட்டினாள். ஒரு நாளைக்கு எத்தனை மணிநேரம் உட்கார்ந்திருக்கிறீர்கள் என்ற கேள்வி அந்தத் தாளில் இல்லை. ஊர்க்காரர்களோ, அடுத்தவன் மனசைப் பற்றிக் கேட்பதைக் கதவைத் தட்டாமல் உள்ளே நுழைவது போல நினைப்பவர்கள். ஜன்னல் வழியே கையசைத்துவிட்டுப் போனார்கள். மரியாதையாம்!

ஒரே ஒரு முறை, அடுத்த வருடக் கிறிஸ்துமஸுக்கு மர்யுத் வந்தபோது, யார்மோ வாயைத் திறந்தான்.

"வேலையெல்லாம் புடுங்கிட்டு மாத்திரையைக் குடுத்தா மனுஷன் தேறுவாரா?"

"விழுந்து இடுப்பு உடைஞ்சா நீங்களா வந்து பாப்பீங்க?"

"உக்காந்த இடத்துலயே செத்துக்கிட்டிருக்காரே, அது உங்க கண்ணுல படலையா?"

"அவர் என் அப்பா, யார்மோ. உங்க டிராக்டர் இல்ல."

அவன் வாயை மூடிக்கொண்டான். மூடியதுதான் தப்பு.

மார்ச்சில் ஒரு சனிக்கிழமை தைஸ்தோ சவுனா வரை நடந்து போய்த் திரும்பினார். அவருடைய ஈரக் கால்சட்டையைப் பார்த்த, வீட்டுக்கு வந்துபோகும் உதவிக்காரி மகளுக்குப் போன் போட்டாள். அடுத்த வாரமே நகரத்து முதியோர் இல்லத்தில் சேர்த்தார்கள். அங்கேயும் ஒரு நாற்காலிதான். எழுந்தால் மணி அடிக்கும். மூன்றே வாரத்தில் முடிந்துவிட்டது. சவுனா வரை அப்பா நடந்தார் என்பதை மர்யுத் இன்றுவரை நம்பவில்லை.

யார்மோ பார்த்தான். அந்தச் சனிக்கிழமை பனி தள்ளப் போனபோது அவர் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். கால்சட்டை நழுவாமலிருக்க இடுப்பில் கயிறு.

"என்ன பெரியவரே, எங்க கிளம்பிட்டீங்க?"

"டான்ஸ் ஆட. வழிய விடுறா."

எண்பது அடி தூரம். இரண்டு தடவை தாங்கிப் பிடிக்க யார்மோவின் கை நீண்டது, இரண்டு தடவையும் கையில் அடி விழுந்தது. சவுனாவுக்குள் போய்ப் பலகையில் உட்கார்ந்து, மூச்சு வாங்க, அணைந்து கிடந்த அடுப்பை எட்டிப் பார்த்தார்.

"எலி குடும்பம் நடத்துது. வாடகையாவது வாங்கினியா?"

சிரித்தார். அந்தச் சிரிப்பைக் கேட்டு ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது.

திரும்புகிற வழியில் பாதியில் முழங்கால் மடங்கியது. அப்படியே பனியில் உட்கார்ந்துவிட்டார். யார்மோ பதறிப்போய்க் குனிந்து அவர் அக்குளில் கையைக் கொடுத்தான்.

"எடு கைய!"

"ஈரம் ஏறும், பெரியவரே. சும்மா இருங்க."

"சும்மா இருந்துதான்டா இந்தக் கதிக்கு வந்தேன். நீயும் தூக்கிடாதே. எதிர்ல வந்து நில்லு. வாய்க்கு வந்தபடி என்னைத் திட்டிக்கிட்டே இரு. நானா எந்திரிக்கிறேன்."