மாவில் தெரிந்த மூடி

பேயைப் பார்த்தேன், ஆவி வந்தது என்று யாராவது என் மாவு மில்லில் கதை ஆரம்பித்தால், "மத்தியானம் வல்லதும் தின்னியளா?" என்றுதான் நான் முதலில் கேட்பேன். பாதிப் பேய் பசியில் வருவது, மீதிப் பேய் தூக்கம் கெட்டதில் வருவது என்பது என் கட்சி. அப்படிப்பட்ட நான் இதைச் சொல்கிறேன். ராத்திரி நடந்திருந்தால் தூக்கக் கலக்கம் என்று நானே தள்ளியிருப்பேன். நடந்தது பட்டப்பகலில், ஞாயிற்றுக்கிழமை, கோயில் விட்டு வந்து சோறும் மீன்குழம்பும் வயிறு நிறையத் தின்ற பிறகு.

எங்கள் வீட்டுக்காரர் சவுதியில் வெல்டராக இருந்தவர். நெஞ்சுவலி வந்து ஸ்டென்ட் வைத்த பிறகு, இனி அந்த வெயிலில் வேலை பார்த்தால் உயிருக்கு உத்தரவாதம் இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். சும்மா இருக்கிற ஆளா அவர்? கொல்லத்தில் ஒரு ரிசார்ட்டை மூடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு, அங்கே கிடந்த பழைய உல்லாசப் படகை வாங்கிக்கொண்டு எங்கள் ஊரான இராஜாக்கமங்கலம் வந்து சேர்ந்தார். சீசன் நேரத்தில் மணக்குடிக் காயலில் டூரிஸ்டுகளை ஏற்றிச் சுற்றிக் காட்டலாம் என்பது திட்டம். நல்ல திட்டம்தான், நானும் தலையாட்டினேன்.

மில்லுக்குப் பின்னால் இருக்கிற ஷெட்டில் படகை ஏற்றி வைத்தோம். வெளிநாட்டில் செய்த ஃபைபர் படகு. அதில் எங்கே பார்த்தாலும் அறைகள், ஆனால் ஒன்றும் கண்ணுக்குத் தெரியாது. கைப்பிடி கிடையாது, கொண்டி கிடையாது, எல்லாம் ஒரே வெள்ளையாக, மூடி எது தரை எது என்று புரியாமல் இழைத்து வைத்திருக்கிறான். சீட்டைத் தூக்கினால் லைஃப் ஜாக்கெட் வைக்க இடம். கால் வைக்கிற படி என்று நாங்கள் நினைத்தது தீயணைப்புக் குப்பி வைக்கிற பெட்டி. பலாச் சக்கையைத் தட்டிப் பார்ப்பதுபோல நான் விரல் முட்டியால் தட்டித் தட்டி ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்தேன். ஒரு அறைக்குள் ஒற்றைச் செருப்பு கிடந்தது. அவர் சிரித்தார். ஆஸ்பத்திரியில் இருந்து வந்த பிறகு அவர் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அந்தச் சிரிப்பு காயலில் இறக்கின அன்றைக்கே போயிற்று. கொஞ்ச தூரம் நன்றாக மிதந்தது, பிறகு பின்பக்கம் அமுங்க ஆரம்பித்தது, கயிறு கட்டி இழுத்துக் கரையேற்ற வேண்டியதாயிற்று. ஃபைபர் வேலை செய்கிற சாம்சன் மார்த்தாண்டத்தில் இருந்து வந்து பார்த்தான். படகின் தரைக்குக் கீழே ஒரு வெற்றிடம் இருக்கிறது, பின்பக்க ஓட்டை வழியாகத் தண்ணீர் அதற்குள் ஏறுகிறது, வெளியே இருந்து அடைத்தால் நிற்கவில்லை, உள்ளே இருந்துதான் அடைக்க வேண்டும் என்றான். உள்ளே போக வழி எங்கே என்று கேட்டதற்கு அவனுக்கும் தெரியவில்லை.

"வெட்டித்தான் பாக்கணும் அக்கா. ஆனா வெட்டுன போட்டுக்கு ஆபீசர் பெர்மிட் தரமாட்டாரு, இப்பமே சொல்லிட்டேன்" என்றான்.

படகைச் சோதித்துப் பெர்மிட் தருகிற ஆபீசர் வருவது திங்கட்கிழமை. ஞாயிறு மத்தியானம் சாப்பிட்டுக் கை கழுவும்போது எங்கள் வீட்டுக்காரர் மெதுவாகச் சொன்னார்: "ஏட்டி, நான் ஏஜெண்டுக்குப் போன் போடலாம்னு பாக்கேன். பழைய கம்பெனியில எடுப்பானுவ."

"டாக்டர் சொன்னது காதுல விழல்லியா?"

"பின்ன என்ன செய்யச் சொல்லுத? அந்தச் சவத்த வச்சுப் பூஜை பண்ணவா?"

மாத்திரையைப் போட்டுக்கொண்டு படுத்துவிட்டார். எனக்கு வந்தது அழுகை இல்லை, ஆத்திரம். இந்த மனுஷனைப் பெட்டியில் வைத்து விமானத்தில் திருப்பி அனுப்பப் போகிறார்களே என்ற பயமும் அதற்குள் இருந்தது. அந்த மூடியைக் கண்டுபிடிக்காமல் இன்றைக்கு எழும்புவதில்லை என்று ஷெட்டுக்குப் போனேன்.

மில் நடத்துகிறவளுக்கு மாவின் குணம் தெரியும். எத்தனை துடைத்தாலும் மேசை இடுக்கில் போய் உட்கார்ந்துகொள்ளும். மில்லில் படிந்து கிடந்த பழைய கேப்பை மாவைத் துணியில் கட்டி, படகின் பின்தரை முழுக்க உதறி உதறித் தூவினேன். பிறகு முறத்தால் மெல்ல விசிறினேன். மாவு பறந்த இடத்தில், வெள்ளைத் தரையில் சதுரமாக ஒரு கோடு தெரிந்தது. எனக்குக் கண் நிறைந்துவிட்டது. ஆனால் நகம் நுழையாத கோடு. நெம்ப ஒரு கத்தி வேண்டும். கோட்டில் இன்னும் மாவு இறங்கட்டும், வந்து மறுபடி விசிறிக்கொள்ளலாம் என்று அதன்மேலும் சுற்றிலும் இன்னொரு தடவை மாவைத் தூவி, ஷெட்டைப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். அவர் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

திரும்பி வந்து பூட்டைத் திறந்து படகில் ஏறினால், சதுரம் இருந்த இடத்தின் நடுவில் ஒரு கை பதிந்திருந்தது.

ஐந்து விரலும் விரிந்த உள்ளங்கை. சுற்றிலும் மாவு அப்படியே கிடந்தது, ஒரு கால் தடம் இல்லை, பல்லி ஓடின கோடுகூட இல்லை. அவ்வளவு தூரம் மிதிக்காமல் கை எட்டுவதற்கு வழியே இல்லை. வாய் தன்னாலே ஜெபம் சொன்னது. ஓடியிருப்பேன், சத்தியமாக ஓடியிருப்பேன். ஓடினால் அவர் விமானம் ஏறுவார் என்ற ஒரே நினைப்பு காலைப் பிடித்துக்கொண்டது. பேயானாலும் சரி, பிசாசானாலும் சரி, வழி காட்டுகிறாயா, காட்டு என்று மாவை மிதித்துக்கொண்டு போய், அந்தக் கைமேல் என் கையை வைத்து அமுக்கினேன். என் கையைவிட விரல் நீளம். அமுக்கின உடனே மூடி என் உள்ளங்கையைத் தள்ளிக்கொண்டு எழும்பியது.

உள்ளே பழைய உப்புத் தண்ணீர் நாற்றம். ஓட்டையில் இருக்க வேண்டிய அடைப்பான் சங்கிலியில் தொங்கிக்கொண்டு கிடந்தது. கையை விட்டுத் திருகி இறுக்கினேன். வேறு ஒன்றுமே அங்கே இல்லை. ஒரு பூனைகூடப் படுக்க முடியாத ஆழம்தான். மாவையெல்லாம் கூட்டி அள்ளிவிட்டு அப்புறம்தான் அவரை எழுப்பினேன்.

திங்கட்கிழமை ஆபீசர் முன்னால் படகு கட்டை மாதிரி மிதந்தது. பெர்மிட் கிடைத்தது. ஏஜெண்டின் பேச்சை அவர் அதற்குப் பிறகு எடுக்கவே இல்லை.

அந்த வாரமே சாம்சன் வந்து, நான் இறுக்காமல் சும்மா வைத்திருந்த மூடியைக் கழற்றிப் பார்த்தான். வெகுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"அக்கா, நீங்க இத எப்படித் திறந்திய?"

"அமுக்கினேன், திறந்துது."

"சும்மா இருங்க. மேல இருந்து அமுக்குனா இன்னும் இறுகத்தான் செய்யும். இழுத்துத் தூக்கதுக்கு இங்க ஒரு வளையம் இருந்திருக்கு, அது ஒடிஞ்ச எடத்த யாரோ பூசி மறைச்சிருக்கான். வளையம் இல்லாம இத திறக்கணும்னா உள்ள இருந்து தள்ளணும்."

"அப்போ கத்தி வச்சு நெம்பியிருப்பேன், ஞாபகம் இல்ல" என்றேன். அவன் ஒரு நைலான் கயிறைக் கண்ணியாகக் கட்டிவிட்டுப் போனான்.

நான் நெம்பவில்லை. அமுக்கினேன், அது என் கையைத் தள்ளியது. அந்தக் கனம் இன்றைக்கும் உள்ளங்கையில் இருக்கிறது. எங்கள் வீட்டுக்காரரிடம் இதைச் சொல்லவில்லை, சொன்னால் படகை விற்றுவிட்டு சவுதிக்குக் கிளம்பிவிடுவார். அதனால் உங்களிடம் சொல்கிறேன். காயலில் படகு போகும்போது அவர் பின்னால் நின்றுதான் ஓட்டுவார். இரண்டு காலும் அந்த மூடிமேல்தான் இருக்கும்.